படம் எடுக்கதுக்குன்னே போன்: கடையில 20 நிமிஷத்துல எதைச் சோதிக்கணும்?

பனங்கருக்கு:
வணக்கம் அண்ணாச்சிமாரே. தனியா கேமரா, லென்ஸ்னு தூக்கிக்கிட்டு அலைய முடியாது. படம் எடுக்கதுக்குன்னே ஒரு போன் வாங்கலாம்னு இருக்கேன். மனசுல ரெண்டு மாடல்: சியோமி 14 அல்ட்ரா, விவோ எக்ஸ்200 ப்ரோ. முதல்ல சொன்னது செகண்ட் ஹேண்டில வருது, அடுத்தது புதுசு. எடுக்கப்போறது மூணு வகை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுல ராத்திரி கரகாட்டம், சாமியாட்டம், கூந்தன்குளத்துல பறவை, வீட்டு விசேஷத்துல ஆள் படம். சிலது பிளெக்ஸ் அடிக்கவும் போகும். வண்ணார்பேட்டையில ஒரு கடையில டெமோ போனைக் கையில தாராங்க, 20 நிமிஷத்துக்கு மேல நின்னா மூஞ்சி மாறுது. அதுக்குள்ள என்னத்தப் பாக்கணும்? ஒருத்தர் ஒரு இஞ்ச் சென்சார்ங்காரு, இன்னொருத்தர் 200 மெகாபிக்சல்ங்காரு. எதை நம்ப?

கல்மண்டபம்:
முதலில் அந்த ரெண்டு எண்ணையும் பார்த்துவிடுவோம். 'ஒரு இஞ்ச்' என்பது டேப் வைத்து அளக்கிற இஞ்ச் இல்லை. பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டக் கணக்கில் ஒட்டிக்கொண்ட பெயர். சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின், மூலைவிட்டம் சுமார் 16 மி.மீ.தான். சியோமி 14 அல்ட்ராவின் மெயின் கேமரா அந்த அளவு. எக்ஸ்200 ப்ரோவின் மெயின் கேமரா 1/1.28 இஞ்ச், பரப்பில் சியோமியுடையது ஒன்றரை மடங்குக்கும் கூடுதல். ஆனால் ஒன்று கவனியுங்கள்: இதற்கு முந்தைய எக்ஸ்100 ப்ரோவில் விவோவும் ஒரு இஞ்ச்தான் வைத்திருந்தது. அடுத்த மாடலில் மெயினைக் குறைத்து, 200 மெகாபிக்சலைக் கொண்டுபோய், தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸில் போட்டார்கள். ஆகவே கடைக்காரர் 200 என்று சொன்னால் அது எந்த லென்ஸுக்கு என்று கேளுங்கள்.

200 என்றாலும் சாதாரணமாகச் சேமிப்பது 12.5 மெகாபிக்சல் படம்தான். பக்கத்துப் பக்கத்து 16 பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. 50 மெகாபிக்சல் சென்சார் நாலைச் சேர்க்கும், அதுவும் 12.5-இல்தான் வந்து நிற்கும். 2012-இல் நோக்கியா 808 வந்தபோதே இதுதான் சங்கதி: 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்துக்கொண்டு 5, 8 மெகாபிக்சல் சுத்தமான படம் கொடுத்தது. பிளெக்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 அடி அகல பிளெக்ஸ் 120 இஞ்ச். தூரத்தில் நின்று பார்க்கிறதுக்கு இஞ்சுக்கு 30 புள்ளி போதும். 3600 பிக்சல் ஆயிற்று. 12.5 மெகாபிக்சல் படத்தின் அகலமே 4096.

இனி கடை. டைப்-சி பென் டிரைவ் ஒன்று, கண்ணாடி துடைக்கிற துணி, அன்றைய பேப்பர், முடிந்தால் பத்தமடைப் பாயில் ஒரு சாண் துண்டு. இவ்வளவும் பையில் இருக்கட்டும். டெமோ போனின் லென்ஸ் பூராவும் விரல் ரேகையாக இருக்கும், முதலில் துடையுங்கள். பிறகு கேமரா செட்டிங்கை ரீசெட் செய்து பியூட்டி, ஏஐ சீன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இதை விட்டால் கருத்த மாமாவை வெள்ளாவி வைத்து எடுத்துக் கொடுக்கும்.

பாய்த் துண்டைக் கண்ணாடிக் கதவோரம் வைத்து ஒரு மீட்டர் தள்ளி 1 எக்ஸ், 2 எக்ஸ், டெலி மூன்றிலும் எடுங்கள். பட்டுப்பாயின் கோரை நூல்மாதிரி மெலிசு. போனின் மென்பொருள் எங்கே ஏமாற்றுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஒழுங்கான படத்தில் ஒவ்வொரு கோரையும், குறுக்கே ஓடும் பருத்தி நூலும் தனித்தனியாக நிற்கும். மோசமானதில் கோரை எல்லாம் ஒன்றாகக் குழைந்து பெயிண்ட் அடித்த பலகைபோல் ஆகிவிடும். அல்லது புழு நெளிகிறமாதிரி கோடு வரும். வானவில் கலரில் அலை அடித்தால் அது சென்சாரின் பிக்சல் வரிசையும் பின்னலும் மோதுவதால் வருவது. அரை அடி முன்னே பின்னே நகர்ந்தால் போய்விடும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பேப்பரை டேபிளில் விரித்து ஃபிரேம் நிறைய எடுங்கள். பெரிய சென்சாரில் கிட்டத்தில் ஃபோகஸ் ஆழம் மெலிசு. நடு எழுத்து தெளிவாகவும் ஓர எழுத்து மங்கலாகவும் வந்தால் இயல்புதான். சியோமியில் அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) எஃப்/1.63-லிருந்து எஃப்/4-க்குச் சுருக்கினால் ஓரமும் தெளியும். விவோவில் அபர்ச்சர் மாறாது. ஒரு எட்டு பின்னே போய் 2 எக்ஸில் எடுக்க வேண்டும். ஆனால் நாலு மூலையில் ஒரே ஒரு மூலை மட்டும் கூடுதலாக மங்கினால் லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பீஸை வாங்க வேண்டாம். இதை உறுதிசெய்ய டைல்ஸ் ஒட்டிய சுவரை மூன்று மீட்டர் தள்ளி நேராக நின்று எடுங்கள்.

டெலியில் ஒரு திருட்டு உண்டு. வெளிச்சம் குறைந்தாலோ பொருள் ரொம்பக் கிட்ட இருந்தாலோ போன் சத்தமில்லாமல் மெயின் கேமராவுக்கு மாறி, வெட்டிப் பெரிசாக்கிக் கொடுக்கும். 5 எக்ஸ் என்று திரையில் இருக்கும்போதே டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை கருக்கவில்லை என்றால் படம் வேறு லென்ஸிலிருந்து வருகிறது. கடையின் இருட்டு மூலையைப் பார்த்து இதைச் செய்யுங்கள், வெளிச்சத்தில் மாட்டாது.

எல்லாப் படத்தையும் பென் டிரைவில் போட்டு வீட்டில் மானிட்டரில் 100 சதவீதத்தில் பாருங்கள். போன் திரை எந்தப் படத்தையும் அழகாகத்தான் காட்டும். வாட்சப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது அமுக்கிவிடும்.

பொருநைக்கரை:
கல்மண்டபம் அண்ணாச்சி பகல் பாடத்தை முடிச்சுட்டாரு. கொடை ராத்திரிக்கு நான் சொல்லுதேன். அங்க சென்சாரைவிட ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்குற நேரந்தான் மானத்தை வாங்கும்.

ஆட்டோவுல விட்டா ராத்திரியில போன் 1/30, 1/50 நொடின்னு எடுத்துக்கிடும். நின்னுக்கிட்டு இருக்க ஆளுக்குச் சரி. கரகம் சுத்துற ஆளுக்கு 1/250-ஆவது வேணும். எல்லாத்தையும் நாமளே வைக்கிற ப்ரோ மோடுல 1/250, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 1600-லருந்து 3200. இங்கதான் வில்லங்கம். பந்தல்ல தொங்குற எல்இடி, சீரியல் பல்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாம விட்டு விட்டு எரியும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். லைட்டு நொடிக்கு 100 தடவை ஏறி எறங்கும். 1/250-ல எடுத்தா ஒரு ஏத்த எறக்கத்துல பாதிகூடச் சிக்காது, அதனால படத்துல வேட்டிக் கரைமாதிரி கருப்புப் பட்டை விழும். 1/100-ல எடுத்தா முழுச் சுத்தும் அடங்கிரும், பட்டை வராது. மட்டமான சீரியல் செட்டுல சிலது 50 தடவைதான் மின்னும், அதுக்கு 1/50. செட்டிங்ல ஆன்டி ஃபிளிக்கர்னு இருக்கும், 50 ஹெர்ட்ஸ்ல வைங்க, 60-ல இருந்துரப்படாது.

1/100-ல ஆட்டம் கலங்காதான்னு கேப்பீங்க. கலங்கும். அதுக்கு வழி நேரம் பாத்து அமுக்குறது. சுத்துற ஆளு திசை மாத்தும்போது கண்ணிமைக்க நேரம் நிப்பாங்க. சாமியாடி அரிவாளை ஓங்கி, எறக்குறதுக்கு முன்னால ஒரு நிலை இருக்கும். நையாண்டி மேளத்தைக் காதுல வாங்கிக்கிட்டா அந்த எடம் முன்கூட்டியே தெரியும். பெட்ரோமாக்ஸோ தீப்பந்தமோ மட்டும் இருந்தா பட்டைப் பிரச்சனையே கிடையாது, 1/250 தாராளம்.

நீங்க அமுக்குற நேரமும் போன் எடுக்குற நேரமும் ஒண்ணா இருக்கணும்லா, அதையும் கடையிலயே பாத்துரலாம். இன்னொரு போன்ல ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு, 5.00 வரும்போது அமுக்குங்க. சேமிச்ச படத்துல என்ன நேரம் இருக்குன்னு பாருங்க. ரெண்டு போன்லயும் பத்துப் பத்துத் தடவை. உங்க விரல் தாமதம் ரெண்டுக்கும் பொது, வித்தியாசம்தான் போனோடது. நைட் மோடை அணைச்சுட்டுச் செய்யுங்க. அது பல படத்தை அடுக்கி ஒண்ணாக்குற வேலை, ஆட்டத்துக்கு ஆகவே ஆகாது.

அடுத்தது செவப்பு. குங்குமம், அரளி மாலை, அரக்குப் பட்டு இதெல்லாம் மஞ்ச வெளிச்சத்துல எடுத்தா செவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சு, மடிப்பே தெரியாம ஒரே திட்டா நிக்கும். எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 வச்சு எடுங்க. இருட்டுன எடத்தைப் பின்னால தூக்கிக்கிடலாம், நிரம்புன செவப்பை மீட்கவே முடியாது. முக்கியமான படத்துக்கு ராவும் (RAW, போன் மெருகேத்தாத மூலப் படம்) சேத்துப் போடுங்க, 12.5 மெகாபிக்சல் ரா அமுக்காம இருந்தா ஒண்ணு 25 எம்பி பக்கம் வரும், எடத்தைப் பாத்துக்கிடுங்க.

முக்கியமா ஒண்ணு. போன் வாங்குனதும் கடைப் பையன் லென்ஸ் மேல ஒரு கண்ணாடி ஒட்ட வருவான். ஒட்டவிடாதீங்க. லென்ஸுக்கும் அதுக்கும் நடுவுல வெளிச்சம் எதிரொளிச்சு, ஒவ்வொரு டியூப் லைட்டுக்கும் எதிர் மூலையில பேய்மாதிரி ஒரு புள்ளி விழும். 'போன் கேமரா சரியில்ல'ன்னு வர்ற புகார்ல பாதிக்கு அந்தச் சவந்தான் காரணம்.

(பெரிய கோயிலுக்குள்ள எடுக்கலாம்னு இருந்தா மறந்துருங்க. திருச்செந்தூர் வழக்குல 2022-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை கோயில்கள்ல போனுக்குத் தடை போட்டாச்சு.)

தேரிமணல்:
பறவைக்குக் கணக்கு போட்டுப் பாத்தா போதும். சியோமியின் பெரிய டெலி 120 மி.மீ. (ஃபுல் ஃபிரேம் கேமராக் கணக்குல குவிய தூரம், எண் கூடினா பொருள் கிட்ட வரும்). 50 மீட்டர் தள்ளி ஒரு கூழைக்கடா நின்னா, படத்தின் அகலத்துல 14, 15 மீட்டர் அடங்கும். பறவை ஒன்றரை மீட்டர்னு வச்சா படத்துல பத்துல ஒரு பங்கு, அதாவது 400 பிக்சல். விவோ டெலி 85 மி.மீ.தான், 20 மீட்டர் அகலம் விழும். சாதாரண மோடுல 300 பிக்சல். ஆனா அந்த லென்ஸ்லதான் 200 மெகாபிக்சல் இருக்கு. வெயில் நல்லா இருக்கும்போது முழு மோடுல எடுத்து வெட்டினா ஆயிரம் பிக்சலுக்கு மேல கிடைக்கும். சாயங்காலம் அந்த வித்தை பலிக்காது. ஒரே ஒரு ஆறுதல், கூந்தன்குளத்துல கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ள மரத்துலயே கூடு கட்டும். 15 மீட்டர்ல நின்னு எடுத்தா ரெண்டு போனும் போதும். பறக்கிற பறவைக்கு 1/1000.

செகண்ட் ஹேண்ட் சியோமியில முதல்ல அபர்ச்சர் இதழைப் பாருங்க. ப்ரோ மோடுல ஐஎஸ்ஓவும் ஷட்டரும் மாறாம எஃப்/1.63-ல ஒண்ணு, எஃப்/4-ல ஒண்ணு. ரெண்டாவதுல வெளிச்சம் ஆறுல ஒரு பங்காகணும், படம் நல்லாவே இருட்டணும். அப்படி ஆகலைன்னா இதழ் சிக்கியிருக்கு. எஃப்/4-ல வெள்ளைத் தாளை எடுத்தா உள்ள போன தூசியும் கரும்புள்ளியாத் தெரியும். தேரிக்காட்டுப் பக்கம் புழங்கின போன்ல லென்ஸ் கண்ணாடியில கீறல் இருக்கும், டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. நீங்களும் செம்மண் தூசியை ஊதிட்டுத் துடைங்க, வேட்டி நுனியால தேய்ச்சா மணலே அரம்.

4கே 60-ல பத்து நிமிஷம் வீடியோ ஓடவிடணும், அதுவும் கடை வாசல்ல வெயில்ல. ஏசிக்குள்ள எந்தப் போனும் யோக்கியம். சித்திரை வெயில்ல திரை தானா மங்கும், சிலது ரெக்கார்டிங்கை நிறுத்தும். சூடானா நிழல்ல வைங்க. ஐஸ் பெட்டியில வச்சா லென்ஸுக்குள்ள வேர்த்துரும். தண்ணி புகாதுன்னு போட்டிருக்க ஐபி68-ஐ நம்பி உவரிக் கடல்ல இறக்கிராதீங்க, அந்தச் சோதனை நல்ல தண்ணியில செய்றது.

பனங்கருக்கு:
எல்லாருக்கும் நன்றி. கொடைதான் எனக்கு முதல், பறவை வருஷத்துக்கு ரெண்டு தடவை. அப்ப சியோமியா?

பொருநைக்கரை:
ஆமா, ஆட்டத்துக்குக் கிட்டப் போயி மெயின் லென்ஸ்லயும் 75 மி.மீ. சின்ன டெலியிலயும் எடுக்கதா இருந்தா. கூட்டத்துக்குப் பின்னாலருந்து எடுக்க ஆளுன்னா விவோ டெலி. துட்டு குடுக்குறதுக்கு முன்னால அபர்ச்சர் சோதனை, மூலைச் சோதனை ரெண்டையும் முடிங்க. ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடிச்சு வர்ற ஐஎம்இஐ எண் பெட்டியிலயும் பில்லுலயும் ஒண்ணா இருக்கணும், திருட்டுப் போனான்னு பாக்க அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துலயும் போட்டுப் பாத்துருங்க. பழைய ஆளு லென்ஸ் கண்ணாடி ஒட்டியிருந்தா அதைப் பிச்ச பிறகு சோதிங்க, பசை இருந்தா துணியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு.