கொம்பு யாருடையது? ஐசிஸா, ஹாத்தோரா?

கரிசல்:
குழந்தை ஹோரஸை மடியில் இருத்திப் பாலூட்டும் எகிப்தியத் தேவி ஐசிஸின் வெண்கலச் சிலையைக் காட்டி, இவள்தான் எகிப்தின் ஆதித்தாய் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவள் தலையைப் பாருங்கள்: பசுக்கொம்பு, நடுவே சூரிய வட்டம். இரண்டும் பசுத் தேவி ஹாத்தோரின் சொத்து. ஐசிஸுக்குச் சொந்தமானது அரியணைச் சின்னம். அவள் பெயரையே அந்தச் சின்னத்தால்தான் எழுதினார்கள். புதிய அரசுக் காலத்தில்தான் (கி.மு. 16 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை) கொம்பும் அவள் தலைக்கு வந்தது. 1904இல் கண்டெடுத்த அரசி நெஃபர்தாரியின் கல்லறையில், அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் தேவியின் தலையிலும் கொம்புதான். அருகில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால்தான் அவள் ஐசிஸ் என்று தெரியும்.

வெண்மணல்:
தலையில் இருப்பதை வைத்தா தாயைத் தேடுவது? நல்ல வேடிக்கை. மெட்டர்னிக் கல் என்று மந்திரங்கள் செதுக்கிய கல் ஒன்று உண்டு. அதிலுள்ள கதை இது: சதுப்பு நிலத்தில் மறைத்து வைத்த பிள்ளையைத் தேள் கொட்டிவிடுகிறது. ஐசிஸ் திரும்பி வந்து பார்க்கும்போது பிள்ளைக்கு மூச்சுப் பேச்சில்லை. அவள் போட்ட கூக்குரலில் வானில் போய்க்கொண்டிருந்த சூரியப் படகே நின்றுவிடுகிறது! படகிலிருந்து அறிவுத் தெய்வம் தோத் இறங்கி வந்து விஷத்தை முறிக்கிறார். இத்தகைய கற்களின்மேல் தண்ணீர் ஊற்றி, எழுத்துகளைத் தொட்டு வழிந்த நீரைக் கடிபட்டவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். பிள்ளைக்காகச் சூரியனையே நிறுத்தியவள் தாயில்லையா?

கரிசல்:
அந்தக் கல் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது ஐயா. நான் கேட்டது ஆதியை. ஹாத்தோர் என்ற பெயருக்கே 'ஹோரஸின் வீடு' என்று பொருள். பிள்ளை குடியிருக்கும் வீடு எது என்று நான் சொல்ல வேண்டுமா? டெய்ர் எல்-பஹ்ரியில் 1906இல் கிடைத்த ஹாத்தோரின் பசுச் சிலையையும் பாருங்கள். மடியின் கீழ் மண்டியிட்டுப் பால் குடிப்பது இரண்டாம் அமென்ஹோதெப், நாடாண்ட மன்னன். அதற்கும் முன்னே, எகிப்தின் தொடக்ககால மன்னன் நார்மரின் கற்பலகையான நார்மர் பலகையின் உச்சியிலேயே பசு முகம் இருக்கிறது.

வெண்மணல்:
நார்மர் பலகையை விட்டுவிடுங்கள். அந்த முகம் பாத் என்ற வேறொரு பசுத் தேவியுடையது என்று சொல்லும் அறிஞர்கள் நிறைய. ஆதிதான் வேண்டுமென்றால், கி.மு. 24ஆம் நூற்றாண்டில் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் செதுக்கிய மந்திரங்களிலேயே ஐசிஸ் இருக்கிறாள். நேற்று வந்தவள் அல்ல.

தாழ்வாரம்:
இருவரும் சண்டை போடுகிறீர்கள். தாய் என்ற சொல்லையே பெயராகக் கொண்டவளை ஒருவரும் நினைக்கவில்லை. முத்! பாறு கழுகின் உருவால் அவள் பெயரை எழுதினார்கள். கர்னாக் கோயில் தொகுதியில் பிறைபோல் வளைந்த குளத்தோடு அவளுக்குத் தனி வளாகமே இருந்தது.

கரிசல்:
பெயர் தாய், சரி. இரட்டைக் கிரீடத்தோடு கணவன் ஆமுன் தெய்வத்துக்குப் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தால் எனக்கு மகாராணிதான் தெரிகிறாள். அந்த வளாகத்தை நிறைப்பதும் சிங்கமுகச் செக்மெத் சிலைகள். குழந்தை பயந்துவிடும்!

வெண்மணல்:
கொம்பு இரவல் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கதையே இருக்கிறது. ஹோரஸின் பகைவனான செத் என்ற தெய்வத்தைக் கட்டிப்போட்ட பிறகு ஐசிஸ் மனமிரங்கி அவிழ்த்துவிடுகிறாள். ஆத்திரத்தில் ஹோரஸ் தாயின் கிரீடத்தைப் பறிக்கிறான். அதற்குப் பதிலாகப் பசுத்தலைக் கவசம் அவளுக்குக் கிடைக்கிறது. புளூடார்க் எழுதிவைத்தது இது. கொம்பு பிறகு வந்தது, பிள்ளை முன்பே இருந்தது. அந்தப் பிள்ளை யாருடையது?

கரிசல்:
கிரேக்கர் எழுதியதற்குப் போவானேன்? ஹோரஸும் செத்தும் வழக்காடும் பாப்பிரஸ் கதையில், ஹோரஸின் கண்களைச் செத் பிடுங்கிப் போட்டுவிடுகிறான். மான்பாலை விட்டு அவற்றைக் குணமாக்கியவள் ஹாத்தோர். பெற்ற தாய் அப்போது எங்கே?

வெண்மணல்:
அதே கதையில் சற்று முன்புதான் ஹோரஸ் தன் தாயின் தலையை வெட்டினான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கடைசியாக ஒன்று. நமக்குத் தெரிந்த கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு, கி.பி. 394இல் வெட்டியது, இருப்பது தென் எகிப்தின் பிலேயில், ஐசிஸின் கோயிலில்.

கரிசல்:
அதே பிலேயில் ஹாத்தோருக்கும் சின்னதாக ஒரு கோயில் உண்டு. தூண்களில் குள்ளத் தெய்வம் பெஸ் அவளுக்காக யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை பிலேயைப் பற்றிச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.