சட்டையில் எழுதிய பெயர்

ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸில் சீனக் கலைஞர் சோங் டோங் கண்ணாடிச் சுவர்களால் ஒரு மண்டபம் அமைத்திருந்தார். உள்ளே தூரிகையும் தண்ணீரும் இருக்கும். யார் வேண்டுமானாலும் சுவரில் எழுதலாம், வரையலாம். சற்று நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். 1995 முதல் கல்லின்மேல் தண்ணீரால் நாட்குறிப்பு எழுதி வருபவர் அவர். 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துப் போனபோது, அவர்கள் முதலில் புகுந்தது அங்கேதான். நான் ஓவிய ஆசிரியை.

எல்லோரும் பெயரைத்தான் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும், நோட்டில் போடும் அப்பாவின் இனிஷியலை விட்டுவிட்டு அம்மாவின் முதலெழுத்தைப் போட்டான். காய்ந்ததும் மறுபடி எழுதினான். அவன் வீட்டில் எல்லாமே அம்மாதான் என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூரிகையைக் கீழே வைத்திருப்பான்.

அப்புறம் தென்னாப்பிரிக்கக் கலைஞர் சூ வில்லியம்சனின் சட்டைகள். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் கேப் டவுனில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்த விற்பனைப் பத்திரங்களில் 119-ஐ எடுத்து, ஒன்றுக்கு ஒரு சட்டையாக, பெயர், வயது, பிறந்த ஊர், விலை என்று கறுப்பு மையில் எழுதி, சேற்றுநீரில் முக்கிக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். பெயர்கள் பெரும்பாலும் முதலாளிகள் வைத்தவை.

"அப்ப இவங்க சொந்தப் பேரு என்ன மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பத்திரத்தில் அது இல்லை என்றேன். தன் வயதுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கொடி கொடியாகத் தேடிக்கொண்டே போனாள்.

நம் பள்ளிகளில் ஓவியம் என்றால் போட்டித் தலைப்புதான். மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம். நல்ல விஷயங்கள்தான். ஆனால் 'நான் யார்' என்று மனசு குடையத் தொடங்கும் வயதில் அதைக் கேட்கும் தலைப்பு ஒன்றுகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஊர் திரும்பியதும் பழைய யூனிஃபார்ம் சட்டைகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒருத்தி வெளிப்பக்கம் சான்றிதழில் உள்ள பெயரையும் உள்பக்கம் ஆச்சி கூப்பிடும் பெயரையும் எழுதினாள். வகுப்பே 'குண்டு' என்று கூப்பிடும் பையன் அந்தப் பட்டப்பெயரை எழுதி, அதன்மேல் கறுப்பு நூலால் நெருக்கித் தையல் போட்டான். அப்படியும் எழுத்து தெரிந்தது. தெரியட்டும் என்றான்.

இன்னொருவன் பிறந்த இடம் என்ற வரியில் 'காலனி' என்று பெரிதாக எழுதினான். பள்ளியில் காட்சிக்கு வைக்கும்போது சக ஆசிரியர் ஒருவர், அந்த ஒன்று மட்டும் வேண்டாமே, வீண் பிரச்சினை வரும் என்றார். பையனையே கேட்டேன்.

"கொச்சில தொங்குன சட்டையில எல்லாம் ஊரு இருந்துச்சே மிஸ்."

சட்டை தொங்கியது. பார்க்க வந்த அவன் அம்மா அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் ஒரே நாளில் எல்லா அரங்கையும் காட்டிவிட ஓடாதீர்கள். விளக்கப் பலகையை முதலிலேயே படித்துக் காட்ட வேண்டாம், கேட்டால் சொன்னால் போதும். திரும்பி வந்த வாரத்திலேயே கையில் துணியோ களிமண்ணோ கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பரீட்சை வந்துவிடும்.