மைக்ரோஸ்பியர் ஜெல்லின் துகள்கள் தோலுக்குள் புகுமா?

கேள்வி:
முகப்பருவுக்கான ட்ரெடினோயின் மருந்தின் சாதாரண களிம்பு எரிச்சலைத் தந்ததால், மருத்துவர் இப்போது அதே மருந்தை நுண்ணுருண்டைகளில் தேக்கிய மைக்ரோஸ்பியர் ஜெல்லுக்கு மாற்றியிருக்கிறார். அதிலுள்ள துகள்கள் தோலுக்குள் புகுந்து தங்கிவிடுமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
புகுவதில்லை. இறந்த செல்களாலான தோலின் மேலடுக்கு, பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனே உடையது என்றாலும், அச்செல்களுக்கு இடையேயுள்ள கொழுப்பு வழிகள் நானோமீட்டர் அளவிலேயே இருப்பதால், பல மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள இந்தத் துளை நிறைந்த பாலிமர் உருண்டைகள் மேற்பரப்பிலும் மயிர்க்கால்களின் வாயிலும் தங்கி, தம்முள் தேக்கிய மருந்தைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. மருந்து ஒரே நேரத்தில் குவியாததால்தான் எரிச்சல் குறைகிறது. 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரெட்டின்-ஏ மைக்ரோ இவ்வகையைச் சேர்ந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. லைப்போசோமை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையின் படலத்தால் ஆன நுண்குமிழி. 1986இல் டியோர் நிறுவனம் அதை அழகுக் களிம்பில் சேர்த்தபின் விளம்பரங்கள் பெருகின. ஆனால் வழக்கமான லைப்போசோம்கள் பெரும்பாலும் முழுமையாக உள்ளே செல்வதில்லை. மேலடுக்கின் கொழுப்போடு கலந்து மருந்துக்கு வழிவிடுகின்றன.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் காலையில் முகம் கழுவும்போது துகள்களும் போய்விடுமா?

மறுமொழி 1:
பெரும்பாலும் போய்விடும். மருந்து இரவிலேயே கசிந்து இறங்கியிருக்கும். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம்.