கேம்பர்வேனில் டோவரிலிருந்து பிரான்ஸ், சுவிஸ்: நெய், தயிர், மாவு எதையெல்லாம் எடுத்துப் போகலாம்?

ரெடிங்_மீனா

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். டோவரில் கப்பல் ஏறி கலே, பாரிசில் ஒரு நாள், அப்புறம் சுவிட்சர்லாந்து, மொத்தம் பன்னிரண்டு நாள். நாங்கள் இரண்டு பேர், பத்து மாதக் குழந்தை, திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார். வேனில் அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும் இருக்கிறது என்று தெரிந்ததும் அத்தை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இட்லி மாவு, நெய், உறைக்கு ஊற்றின தயிர், பருப்புப்பொடி, ஊறுகாய், தேங்காய், கறிவேப்பிலை, குழந்தைக்குப் பால் பவுடரும் சத்துமாவும். மாமாவுக்கு ராத்திரி தயிர்சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கலேயில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்தினார், வேனையெல்லாம் யாரும் திறந்து பார்ப்பதில்லை என்று இன்னொருவர் சொன்னார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மாமாவுக்காக ஒரு பாட்டில் விஸ்கியும் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கொங்குநாட்டான்

மீனா, திறந்து பார்ப்பதில்லை என்று சொன்னவரை நம்பாதீர்கள். போன வருடம் எங்கள் வேனைத் திறந்தார்கள். எந்தத் துறைமுகம் என்பது வேண்டாம், பிரிட்டனிலிருந்து போய் இறங்கிய இடம். அந்தப் பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னார், மசாலா தடவி வைத்திருந்த கோழி, ஒரு டப்பா தயிர், பால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அது போகட்டும், கடையில் வாங்கியது. ஆனால் மேலே அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய் இருந்தது. வெண்ணெய் சேர்த்து வைத்து, இறக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்கிய நெய். அந்தக் கீரை அடியில் மொறுமொறுவென்று கிடக்கும், சின்ன வயதில் அதற்காக அண்ணனும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு "மில்க்?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார், நானே போட்டேன். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அதனால் நெய்யை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

டார்லிங்டன்_சகோ

விதி இதுதான். 2021 ஜனவரி 1-லிருந்து கிரேட் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால், இவற்றில் செய்த பொருள் எதையும் பயணிகள் கொண்டுபோக முடியாது. கொஞ்சமாக இருந்தாலும், சொந்தச் சாப்பாட்டுக்கு என்றாலும் கூடாது. அந்த மாதமே ஹுக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தில் ஒரு ஓட்டுநரின் ஹாம் சாண்ட்விச்சை டச்சு அதிகாரிகள் வாங்கிக்கொண்டது டிவியில் வந்தது, ஞாபகம் இருக்கும். ஆகவே நெய், தயிர், பால், வெண்ணெய், பனீர், பெரியவர்கள் குடிக்கும் பால் பவுடர் எதுவும் வேண்டாம்.

குழந்தையின் பால் பவுடருக்கு விலக்கு உண்டு. 2 கிலோ வரை, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத வகை, கம்பெனி டப்பாவில் சீல் உடையாமல் இருக்க வேண்டும். இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் டப்பா திறந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் அதை வேறு டப்பாவில் கொட்டிக் கொண்டு போகாதீர்கள். சத்துமாவில் பால் பவுடர் கலக்கவில்லையே? இல்லையென்றால் பிரச்சினை இல்லை.

இட்லி மாவு வெறும் அரிசியும் உளுந்தும், தாராளமாகப் போகலாம். அரிசி, உடைத்த பருப்பு, பொடி, எண்ணெய் ஊறுகாய், பிஸ்கட், சாக்லேட் எல்லாம் சரி. கறிவேப்பிலையில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். பச்சைக் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது? அந்தச் சான்றிதழ் வேண்டாத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். அத்தையின் தேங்காய் பிழைத்தது! கறிவேப்பிலையைப் பொடி செய்து எடுத்துப் போங்கள்.

விஸ்கி ஆளுக்கு 1 லிட்டர் வரை வரியில்லை, 17 வயது ஆகியிருக்க வேண்டும். ஒயின் 4 லிட்டர், பீர் 16 லிட்டர் அது தனிக் கணக்கு.

திரும்பும்போதும் கவனம். 2025 ஏப்ரல் 12-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இங்கே பால் பொருட்களும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் கொண்டுவரத் தடை. பேக்கிங் பிரிக்காவிட்டாலும், டியூட்டி ஃப்ரீயில் வாங்கினாலும் அதே தடைதான், மோசமான மீறல் என்றால் 5,000 பவுண்டு வரை அபராதம். பிரான்சில் வாங்கும் சீஸை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இந்தத் தடைகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் அரசாங்கத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாட்டுக்காரன்_மகன்

கொங்குநாட்டான், நெய் போனது எனக்கே வலிக்கிறது. ஆனால் இந்த மாதிரித் தடையெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் கோமாரி என்போமே, மாட்டுக்கு வரும் அந்த நோய்தான் முக்கியக் காரணம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வந்தது, மார்ச்சில் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா. உடனே இங்கே பிரிட்டனிலும் கதவை மூடினார்கள். அந்தக் கிருமி பாலிலும் இறைச்சியிலும் உயிரோடு பயணம் செய்யும். 2001-ல் இங்கிலாந்தில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேல் ஆடு மாடு பன்றிகளைக் கொன்றார்கள். சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டதில்தான் அது ஆரம்பித்தது என்றுதான் விசாரணையில் வந்தது.

எங்கள் வீட்டில் கோமாரி வந்த மாடு நின்றதைப் பார்த்தவன் நான். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடியும், குளம்பு வெடித்துக் காலை ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றித் தூக்கும், தீவனத்தை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்பா மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கத் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சாண்ட்விச்சுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மாடுதான் கண்ணில் வரும்.

சூரிச்_தம்பி

தங்கச்சி, சுவிஸ் பக்கத்தை நான் சொல்கிறேன். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, எல்லையில் சுங்கம் தனி. பிரான்சில் வாங்கின இறைச்சி ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ, வெண்ணெய் 1 கிலோ வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். இறைச்சி அதற்கு மேல் போனால் கிலோவுக்கு 17 பிராங்க், சும்மா விட மாட்டார்கள். இங்கே இறைச்சி விலை கூட, அதனால்தான் சனம் அந்தப் பக்கம் போய் வாங்கும். மதுவில் 18 சதவீதம் வரை உள்ளது 5 லிட்டர், அதற்கு மேல் உள்ளது 1 லிட்டர். சாமான்களின் மொத்தப் பெறுமதி ஆளுக்கு 150 பிராங்கைத் தாண்டினால் வரி உண்டு, 2025-க்கு முதல் 300 ஆக இருந்தது. கூடுதலாக இருந்தால் குவிக்சோல் என்ற செயலியில் நீங்களே பதிந்து கட்டலாம், எல்லையில் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு மீனும் கருவாடும் 20 கிலோ வரை விடுவார்கள். ஆனால் ஆகஸ்ட் வெயிலில் வேனுக்குள் கருவாடு வைத்தால் மாமியார் இறங்கி நடந்தே வந்துவிடுவார், அதையும் யோசியுங்கள்.

ரெடிங்_மீனா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன், கோமாரி என்றதும் பேசாமல் நெய் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். மாமாவின் தயிருக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

லா_ஷப்பல்_அக்கா

கலேயில் இறங்கியதும் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் "யவூர்ட் நாத்தூர்" கேளுங்கள், சர்க்கரை இல்லாதது, அதுதான் நம் தயிர். புளிப்பு குறைவாக இருக்கும், வேனிலேயே ஒரு பொழுது வெளியே வைத்தால் மாமாவுக்குப் பிடித்த பதம் வந்துவிடும். பால் வாங்கும்போது மூடி நிறத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் நீலம் முழுப்பால், இங்கே சிவப்புதான் முழுப்பால், நீலத்தில் பாதிக் கொழுப்பு எடுத்திருப்பார்கள். பழக்கத்தில் நீலத்தை எடுத்து வந்து டீ ஏன் தண்ணியாக இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை.

நெய் வேண்டுமென்றால் உப்பில்லாத வெண்ணெய், "பெர் து" என்று போட்டிருக்கும், கால் கிலோ வாங்கி வேன் அடுப்பிலேயே உருக்குங்கள், இருபது நிமிட வேலை. "தெமி செல்" என்றிருந்தால் உப்பு போட்டது, அதை விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை எல்லாம் பாரிசில் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். வேனை ஊருக்கு வெளியே கேம்ப்சைட்டில் விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள்.

அப்புறம் அந்த இட்லி மாவு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். கப்பலில் கேஸ் சிலிண்டரை மூடச் சொல்வார்கள், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் நின்றுவிடும், ஒன்றரை மணி நேரம் கடல், முன்னும் பின்னும் காத்திருப்பு வேறு. தண்ணீர் பாட்டில் இரண்டை உறைய வைத்து மாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் கலேயில் கதவைத் திறக்கும்போது மாவு உங்களுக்கு முன்னால் இறங்கும்.