மழை தொடங்கியதிலிருந்து ரோஜா இலையெல்லாம் கரும்புள்ளி, மொட்டும் விரிய மாட்டேன் என்கிறது

மூளகுமூடு முற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முற்றத்தில் பதினான்கு ரோஜாச் செடி நிற்கிறது. நாலு நாட்டுப் பன்னீர், மீதி எல்லாம் நர்சரியில் வாங்கிய ஒட்டுச் செடி. வளர்ப்பது அம்மாதான், காலையில் மாதா படத்துக்கு ஒரு பூ வைக்காமல் அம்மாவுக்குக் காப்பி இறங்காது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கி மூன்று வாரத்தில் அடி இலைகளில் கறுப்பு வட்டமாகப் புள்ளி விழுந்தது, ஓரம் பிய்ந்த நூல் மாதிரி இருக்கும், அப்புறம் இலை மஞ்சளாகித் தொட்டாலே உதிர்கிறது. இப்போது ஆறு செடி மொட்டைக் குச்சியாக நிற்கிறது. பன்னீருக்கு மட்டும் அவ்வளவு இல்லை. மொட்டுகளும் ஓரம் பழுப்பாகி விரியாமல் நின்றுவிடுகின்றன. சில இலையில் காசு வைத்து வெட்டியது போல வட்டமாகத் துண்டு போயிருக்கிறது.

மருந்துக் கடையில் சொன்னதும் கார்பென்டாசிமும் இமிடாகுளோபிரிடும் கொடுத்து, ஒன்றாகக் கலக்கி வாரம் ஒரு தடவை அடியுங்கள் என்றார்கள். மூன்று வாரம் அடித்தும் இலை கொட்டுவது நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா நாலு தேன்பெட்டி வைத்திருக்கிறார், அடிப்பதைப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார், அதில் எனக்கும் மனசு சரியில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குலசேகரம் விளை எழுதியது:

தங்கச்சி, முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே கரும்புள்ளி நோய், அது ஒரு பூஞ்சாணம். இமிடாகுளோபிரிட் பூச்சிக்கான மருந்து, பூஞ்சாணத்தை அது ஒன்றும் செய்யாது. கார்பென்டாசிம் பூஞ்சாண மருந்து, கேட்கும்தான், ஆனால் அதையே மாற்றாமல் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சாணம் பழகிவிடும்.

இந்த நோயின் சூட்சுமம் ஈரம். அதன் வித்து இலைமேல் விழுந்து முளைத்து உள்ளே போக, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்தில் ஆனி, ஆடி முழுக்கச் சாரல், இலை காயவே காயாது, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும் மழை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் இருக்கிற ஊரில் ஒட்டு ரோஜா வைக்கிறோம், அதனால் மருந்தைவிட இலையைக் காய வைப்பதுதான் பெரிய வேலை.

நான் செய்வதைச் சொல்கிறேன். செடிக்குச் செடி இரண்டரை அடியாவது இடைவெளி விட்டேன். நடுவில் பின்னிக்கொண்டு நிற்கிற குச்சிகளை எடுத்துவிட்டுக் காற்று உள்ளே போய் வரும்படி செய்தேன். தரையிலிருந்து முக்கால் அடி உயரம் வரைக்கும் இலையே வைப்பதில்லை, ஏனென்றால் மழைத்துளி மண்ணில் அடித்துத் தெறிக்கும்போதுதான் கீழே கிடக்கும் இலையிலிருந்து வித்து மேலே ஏறுகிறது. அதே காரணத்துக்காக அடியில் தேங்காய் மட்டைத் தூளையோ காய்ந்த சருகையோ இரண்டு விரல் கனத்துக்குப் போடலாம், ஆனால் தண்டை ஒட்டிப் போட வேண்டாம். உதிர்ந்த இலையைத் தினமும் பொறுக்க வேண்டும், செடியில் புள்ளி விழுந்த இலையையும் கிள்ள வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் எந்த மருந்து அடித்தாலும் பலன் பாதிதான்.

மருந்து வேண்டுமென்றால் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். இது இலைக்கு மேல் கவசம் மாதிரி நிற்கிற மருந்து, உள்ளே போன நோயைக் குணமாக்காது, அதனால் புள்ளி வருவதற்கு முன்னால், மழை விட்டு இலை காய்ந்திருக்கிற நேரம் பார்த்து, இலையின் அடிப்புறமும் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அடுத்த முறை காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம். இப்படி மாற்றி மாற்றி அடியுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம். மருந்து பட்ட ரோஜாவைக் குல்கந்துக்கோ சமையலுக்கோ எடுக்காதீர்கள்.

மொட்டைக் குச்சி ஆகிவிட்டதே என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை இருந்தால் தளிர்க்கும்.

மார்த்தாண்டம் தேன்கூடு எழுதியது:

அக்கா, அந்த மாமா கவலைப்பட்டது நியாயம். நானும் பெட்டி வைத்திருக்கிறேன். இமிடாகுளோபிரிட் செடியின் சாற்றோடு கலந்து பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும், அடித்த அன்றைக்கு மட்டும் தேனீயைத் தள்ளி வைத்தால் போதாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளியில் அதைத் தடை செய்ததே தேனீக்காகத்தான். இன்னொன்று, அதை அடித்த செடியில் பல நேரம் இலைச்சாறு உறிஞ்சுகிற செஞ்சிலந்தி பெருகிவிடும், சிலந்தியைத் தின்கிற நல்ல பூச்சிகளும் சேர்ந்து செத்துப்போவது அதற்கு ஒரு காரணம்.

வட்டமாக வெட்டின இலை இருக்கிறதே, அது நோயும் இல்லை, புழுவும் இல்லை. இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துக்கொண்டு போனது. செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மொட்டு விரியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒரு மொட்டைப் பறித்து இதழ் இதழாகப் பிரித்து வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். நூல் துண்டு மாதிரி மஞ்சளாகவோ பழுப்பாகவோ சின்னதாக ஊர்ந்தால் இலைப்பேன். ஒன்றும் ஊராமல் இதழ் ஈரமாக அழுகி, சாம்பல் நிறத்தில் பூசணம் தெரிந்தால் மொட்டழுகல். இலைப்பேனுக்கு, பாதிக்கப்பட்ட மொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லியைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, தேனீ அடங்கிய பிறகு சாயங்காலம் அடியுங்கள். அழுகலுக்கு வேப்பெண்ணெய் வேலை செய்யாது, மொட்டை எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுப்பதுதான் வழி.

ஆரல்வாய்மொழி காற்று எழுதியது:

மேலே அண்ணாச்சி சொன்னது மேற்குப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். எங்கள் கிழக்குப் பக்கம் கதை வேறு, இதைப் படித்துவிட்டுத் தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்கள் குழம்பக் கூடாது என்று எழுதுகிறேன். எங்களுக்கு மழை குறைவு, காற்று அதிகம், அதனால் கரும்புள்ளியைவிடச் சாம்பல் நோயும் செஞ்சிலந்தியும்தான் தொல்லை. சாம்பல் நோய்க்கு இலை நனைந்திருக்கவே வேண்டாம், பகல் காய்ந்து ராத்திரி குளிர்ந்தால் போதும், தளிரில் மாவு தூவினது போல வந்துவிடும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடித்தால் அடங்கும். நல்ல வெயிலில் அடித்தால் இலை தீய்ந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கவே கூடாது, ஒரு தடவை அப்படி அடித்து ஒரு வரிசைச் செடியைக் கருக விட்டேன்.

செஞ்சிலந்திக்குக் காலையில் குழாயை வைத்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். இலை நனையக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை, கோடையில் காலையில் நனைத்த இலை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

அக்கா, குச்சி நுனி கறுத்துக் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது நுனிக்கருகல். கறுத்த இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சைத் தண்டில் சாய்வாக வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடைத் தண்ணீரில் பசை மாதிரிக் குழைத்து வெட்டு வாயில் தடவுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். மழைக்கு நடுவில் பெரிய கவாத்து வேண்டாம், கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைப்பிண்ணாக்குத் தண்ணீர் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? அதிகமானால் தளிர் கொழுகொழுவென்று வரும், அசுவினியும் இலைப்பேனும் அதைத் தேடித்தான் வரும்.

மூளகுமூடு முற்றம் எழுதியது:

அஞ்சு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மொட்டைத் தட்டிப் பார்த்தேன். தாழ்வாரத்துக்குக் கீழே மழை படாமல் நிற்கிற இரண்டு செடியில் இலைப்பேன், வெளியே நனைகிற செடிகளில் அழுகல். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிண்ணாக்கு வாரம் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டிருந்தோம், இப்போது மாதம் ஒன்று. செடிகளைத் தள்ளி வைத்தோம், அம்மா காலையில் ஜெபம் முடிந்ததும் இலை பொறுக்குகிறார்கள். மேன்கோசெப் ஒன்று, காப்பர் ஒன்று அடித்தாயிற்று. மொட்டையாக நின்ற ஆறில் நாலு தளிர்த்துவிட்டது, புதுத் தளிரில் இன்னும் புள்ளி இல்லை. இரண்டு செடி அடியோடு கறுத்துப் போயிற்று, பிடுங்கிவிட்டோம். பன்னீர் நேற்று பூத்தது.

ஒரு சந்தேகம்: பொறுக்கின இலையைத் தென்னை மூட்டில் (மரத்தடியில்) போடலாமா? அம்மா அங்கேதான் போடுகிறார்கள்.

குலசேகரம் விளை எழுதியது:

தென்னைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ரோஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிற மூடு என்றால் வேண்டாம். இந்த மழையில் எரிக்கவும் முடியாது, ஒரு முழம் ஆழத்தில் குழி வெட்டி மூடிவிடுங்கள். செடி பிடுங்கின இடத்திலும் உடனே புதுச் செடி வைக்காமல் கிடக்கிற இலையையெல்லாம் எடுத்துவிட்டு மண்ணைக் கிளறிப் போடுங்கள், மார்கழி வெயில் நன்றாகப் படட்டும். வைக்கும்போது ஒட்டுப் போட்ட மூட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.