வத்திக்கான் படகுச் சிற்பம்: பின்பக்கப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். புலம்பெயர்வு பற்றிய இன்றைய கலை குறித்து எழுதத் தொடங்கி, புனித பேதுரு சதுக்கத்து வெண்கலப் படகில் சிக்கிக்கொண்டேன். கனடாச் சிற்பி திமோத்தி ஷ்மால்ஸ் செய்தது. 2019 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் திறந்துவைத்தார். பல காலத்து, பல நாட்டு மனிதர்கள் 140 பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். சதுக்கத்துத் தூண்வரிசை மேலுள்ள புனிதர் சிலைகளும் 140தான்! நடுவிலிருந்து சிறகுகள் எழுகின்றன. யாருடையவை என்று தெரிவதில்லை. (சிறகுகள் சற்றுப் பெரியவை என்பது என் குறை.)

அந்தக் கூட்டத்தில் மரியாவும் யோசேப்பும் உண்டு. இணையப் படங்களில் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். நேரில் பார்த்தவர்கள், அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று சொல்வீர்களா? பின்பக்கப் படம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.