பேக்பிளேட் அளவு: உயரம் 155 செ.மீ., அடுத்த வருடம் ட்வின் டாங்க்கும் போட வேண்டும், எதை வாங்குவது?

புதுவை_நீலா:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஜாக்கெட் பிசிடியில்தான் (காற்று நிரப்பும் மிதவை அங்கி) ஸ்கூபா டைவ் செய்கிறேன், பெரும்பாலும் புதுச்சேரிக் கடலில், வருடத்துக்கு ஒரு முறை அந்தமான். போன மாதம் ஒரு நண்பரின் ஸ்டீல் பேக்பிளேட்டையும் (டாங்க்கை முதுகில் தாங்கும் உலோகத் தகடு) விங்கையும் (அதன் பின்னால் இருக்கும் மிதவைப் பை) இரவல் வாங்கி இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். தண்ணீருக்குள் உடம்பு தானாகவே மட்டமாக நின்றது, விலாவை இறுக்கும் காற்றுப்பை இல்லை, இனி ஜாக்கெட்டுக்குத் திரும்ப மனசே வரவில்லை.

ஆனால் உடம்புக்கு அது பொருந்தவே இல்லை. பிளேட்டின் கீழ் விளிம்பு இடுப்பைத் தாண்டி இறங்கியது. படகில் உட்கார்ந்தால் பலகையில் இடித்து மேலே எழும்பி, தோள் பட்டைகள் காது வரை வந்துவிடும். தண்ணீரில் நிமிர்ந்து பார்த்தால் பின்மண்டை டாங்க் வால்வில் மாட்டியிருக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் முட்டுகிறது. நண்பர் என்னைவிட 25 செ.மீ. உயரம், அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். ஸ்டீலா அலுமினியமா? சின்ன அளவு வாங்கினால் அடுத்த வருடம் ட்வின் டாங்க் (இரட்டை டாங்க்) கற்றுக்கொள்ளும்போது அதில் மாட்ட முடியாமல் போய்விடுமா? கடையில் கேட்டால் "எல்லாம் ஒரே சைஸ்தான் மேடம், பட்டையை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறார்கள். அதை என்னால் நம்ப முடியவில்லை.

மட்டுநகர்_ஆழி:
தங்கச்சி, நம்பாமல் இருந்தது நல்லது. பட்டை மாறும், பிளேட்டின் நீளம் மாறாது. நான் மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாக டைவ் செய்கிறேன். பேக்பிளேட் என்றால் எல்லோரும் முதலில் ஸ்டீலா அலுமினியமா என்று கேட்கிறார்கள், அது இரண்டாவது கேள்வி. உங்கள் முதுகு எத்தனை நீளம் என்பதுதான் முதல் கேள்வி. உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், 155 இருந்தும் கால் குட்டையாய் முதுகு நீளமாய் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம் வரை யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள். சாதாரண பிளேட் சுமார் 38 செ.மீ. நீளம். அதன் மேல் விளிம்பு அந்தக் கழுத்து எலும்புக்குச் சில செ.மீ. கீழே நிற்க வேண்டும், இடுப்புப் பட்டை போகும் கீழ்த் துளை இடுப்பெலும்புக்கு நேராக வர வேண்டும். உங்கள் அளவு 40ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தப் பிளேட் உங்களுக்கு நீளம்தான். இடுப்புப் பட்டை தொடைச் சந்தில் போய் உட்கார்ந்து, காலை உதைக்கும்போதெல்லாம் உரசும். போட்டுப் பார்க்க இடம் கிடைத்தால் பிளேட்டை மாட்டிக்கொண்டு ஒரு முக்காலியில் உட்காருங்கள். முக்காலி பிளேட்டை மேலே தள்ளினால் வாங்காதீர்கள்.

ட்வின் பற்றிய பயம் வேண்டாம். பிளேட் குட்டையானாலும் நடுவில் இருக்கும் இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே 28 செ.மீ.தான், அதாவது 11 அங்குலம். இரண்டு டாங்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் ட்வின் பேண்டுகள் உலகம் முழுக்க அந்த அளவுக்குத்தான் வருகின்றன. குட்டை பிளேட்டில் மேலும் கீழும் உள்ள மிச்சத் தகட்டைத்தான் குறைத்திருப்பார்கள்.

தலை முட்டுவது பிளேட்டின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். சிங்கிள் டாங்க் என்றால் டாங்க்கைச் சுற்றிப் பிடிக்கும் கேம் பேண்டைத் தளர்த்தி டாங்க்கை நான்கு விரல் கீழே இறக்கிப் பாருங்கள். ஜாக்கெட்டில் மாட்டிய பழக்கத்தில் எல்லோரும் உயரமாகத்தான் மாட்டுகிறார்கள். க்ராட்ச் ஸ்ட்ராப் (கால்களுக்கு நடுவே போகும் பட்டை) தளர்வாக இருந்தாலும் மொத்தமும் தலையை நோக்கி நகர்ந்து இதே தொல்லையைத் தரும்.

தோள் பட்டையை இறுக்காதீர்கள், இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஜாக்கெட்டில் இருந்து வருகிறவர்கள் இறுக்கினால்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கை தாராளமாகப் போக வேண்டும். பாரத்தைப் பிடித்து வைப்பது இடுப்புப் பட்டையும் க்ராட்ச் ஸ்ட்ராப்பும். நாளைக்கு ட்வின் போடும்போது பின்னால் கையை விட்டு வால்வைத் திருப்ப வேண்டுமே, பட்டை இறுக்கமாக இருந்தால் கை போகாது.

சிங்கை_சுறா:
ஸ்டீல் அலுமினியம் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் சிங்கப்பூரில் இருந்து மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய்வருகிறவன், 3 மி.மீ. வெட்சூட், வாடகை டாங்க் எல்லாமே அலுமினியம். அந்த 11 லிட்டர் அலுமினிய டாங்க்கில் 200 பார் நிரப்பினால் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை. டைவ் முடியும்போது அது போய்விடும், டாங்க் மிதக்க ஆரம்பிக்கும். அதற்காக எல்லோரும் இடுப்பில் ஈயம் கட்டுகிறோம். ஸ்டீல் பிளேட் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அந்த ஈயத்தில் பெரும்பகுதி முதுகுக்குப் போய்விட்டால் இடுப்பு லேசாகிவிடும். நான் ஸ்டீல் பிளேட் வாங்கிய நாளில் இருந்து பெல்ட்டில் ஒரு கிலோதான்.

விமானத்தில் போகிறவர்களுக்கு அலுமினியம் வசதி, ஒரு கிலோதான். போர்ட் பிளேயர் விமானத்தில் 15 கிலோ பையில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டுமென்றால் அது பெரிய வித்தியாசம். ஈயம் அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று, சிங்கிள் டாங்க் அடாப்டர் (பிளேட்டுக்கும் டாங்க்குக்கும் நடுவே வைக்கும் துண்டு) இல்லாமல் கேம் பேண்டை நேரடியாகப் பிளேட் துளைகளில் கோர்க்கிற மாதிரி எடுங்கள். அடாப்டர் போட்டால் டாங்க் முதுகில் இருந்து இன்னும் விலகி நிற்கும், சின்ன உடம்புக்காரர்களைத்தான் அது பக்கவாட்டில் அதிகம் சாய்க்கும். என் மனைவிக்கு இதை மாற்றியதும் டாங்க் உருளுகிறது என்ற புகாரே நின்றுவிட்டது.

அம்பத்தூர்_வெல்டர்:
கடை விலை கட்டுப்படியாகாதவர்களுக்காக எழுதுகிறேன். என் பிளேட்டை இங்கே ஒரு பட்டறையில் செய்து வாங்கினேன். 3 மி.மீ. 316 ஸ்டெயின்லெஸ் தகடு, லேசரில் வெட்டி, பிரஸ்ஸில் மடித்தது. மடிப்புக் கோணத்தைக் கண்ணளவில் விடாதீர்கள், நன்றாகப் பொருந்துகிற ஒரு பிளேட்டில் அட்டை வைத்து அச்செடுத்துக் கொண்டு போங்கள். முதல் தடவை என்னுடையதில் நடுப்பள்ளம் ஆழம் குறைந்துவிட்டது, ட்வின் பேண்டின் போல்ட் தலையும் நட்டும் முதுகெலும்பில் குத்தின. இன்னொரு முறை மடிக்க வேண்டியதாயிற்று. பட்டை போகும் துளைகளின் ஓரத்தை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் நைலானை மெல்ல மெல்ல அறுத்துவிடும், அது கண்ணுக்கே தெரியாது. கார் சீட் பெல்ட் பட்டை வேண்டாம், அது தொளதொளவென்று மடங்கும். 5 செ.மீ. அகல விறைப்பான வெப்பிங் (நைலான் பட்டை) வாங்குங்கள்.

புதுவை_நீலா:
மிக்க நன்றி. அம்மாவை டேப் பிடிக்கச் சொல்லி அளந்தேன், 39 செ.மீ. ஆக நண்பருடையது எனக்கு நீளம்தான். நேற்று அதே பிளேட்டில் டாங்க்கை நான்கு விரல் இறக்கி, தோள் பட்டைகளைத் தளர்த்தி, 12 மீட்டரில் நாற்பது நிமிடம் இருந்தேன். தலை முட்டவே இல்லை! இடுப்புப் பட்டை மட்டும் தொடையில் உரசியது, நீங்கள் சொன்ன அதே இடத்தில். ஆழி அண்ணா, ஒரு சந்தேகம் மட்டும். ட்வினில் டாங்க்கை இப்படி இறக்க முடியுமா? பிளேட் போல்ட்டில் அல்லவா மாட்டியிருக்கும்?

மட்டுநகர்_ஆழி:
நல்ல கேள்வி, பலர் இதைத் தண்ணீரில் இறங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். ட்வினில் பிளேட்டை நகர்த்த முடியாது, டாங்க்கைச் சுற்றியுள்ள பேண்டுகளைத்தான் நகர்த்த வேண்டும். பேண்டு டாங்க்கின் கழுத்தை நோக்கி ஏறினால் டாங்க் உங்கள் முதுகில் கீழே இறங்கும். ஆனால் டாங்க்கின் தோள் வளைவு தொடங்கும் இடத்துக்குமேல் பேண்டு ஏறக்கூடாது, அங்கே பிடிப்பு இருக்காது. அதுவும் போதாவிட்டால் கூடுதல் துளை ஜோடி உள்ள பிளேட்டுகள் இருக்கின்றன, சில செ.மீ. கிடைக்கும். உங்கள் உயரத்துக்கு வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதே சமயம் ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். கை குட்டையானால் வால்வு எட்டாது, தலைக்கு இடம் கிடைத்தும் பயனில்லை. என் மாணவி ஒருத்தி உங்கள் உயரம்தான், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது, ஒவ்வொரு முறையும் இரண்டு செ.மீ. நகர்த்தி நகர்த்தி. அந்த மூன்று நாளை வீண் என்று நான் நினைக்கவில்லை, இப்போது கண்ணை மூடிக்கொண்டு மூன்று வால்வையும் திருப்புகிறாள்.

ட்வினுக்கு 12 லிட்டர் ஸ்டீல் டாங்க் இரண்டு எடுத்தால் பிளேட் அலுமினியமாக இருக்கட்டும். அந்த செட் கரையில் 35 கிலோவைத் தாண்டும், நிரம்பிய காற்று மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல். மெல்லிய வெட்சூட்டில் அதோடு ஸ்டீல் பிளேட்டும் சேர்ந்தால், விங் கிழிந்த நாளில் காலால் உதைத்து மேலே வர முடியாது. இங்கே 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, அங்கே போக வருகிறவர்களிடம் நான் டாங்க்குக்கு முன்னால் பிளேட்டைத்தான் தட்டிப் பார்ப்பேன்.

புதுவை_நீலா:
அப்படியானால் குட்டை அலுமினியம், கூடுதல் துளைகளோடு. சிங்கிள் டாங்க்குக்கு ஈயத்தை அந்தமானிலேயே எடுத்துக்கொள்கிறேன். வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன் அண்ணா.